இரண்டு பிரேம் ஈ

பழைய படங்களில் மழை பெய்யும் என்று தமிழ் மக்கள் மூன்று தலைமுறையாக நம்பிவருகிறார்கள். இது தவறு. சின்னத் தவறு என்று விட்டுவிட முடியாத, பாடநூல் கழகமும் உயர்நீதிமன்றமும் சேர்ந்து உட்கார்ந்து திருத்தவேண்டிய அளவுக்குப் பெரிய தவறு. படம் பிடித்த அன்று மழை பெய்யவில்லை. முதல் நாள் முதல் காட்சியிலும் பெய்யவில்லை. அதன் பிறகு பிலிம் ஊர் ஊராகப் போனது, புரொஜக்டர் சக்கரங்களுக்கு நடுவே ஓடி ஓடி முதுகில் கோடு வாங்கியது, கோட்டுக்குள் எண்ணெயும் தூசியும் போய் உட்கார்ந்தன, அந்தக் கோடுகள் திரையில் சரம் சரமாக இறங்கியபோது தரை டிக்கெட்டில் எவனோ ஒருவன் 'மழை பெய்யுதுடா' என்றான், அது நிலைத்துவிட்டது. ஆக, மழையைப் பெய்வித்தவர்கள் பார்வையாளர்கள்தான். பார்த்துப் பார்த்தே பெய்வித்தார்கள். ஒரு படத்தைக் கெடாமல் வைத்திருக்க நிச்சயமான வழி ஒன்றுதான், அதை யாருக்கும் காட்டாமல் இருப்பது. எங்கள் ஸ்டூடியோவில் இந்தக் கருத்துக்கு ஆதரவு கிடையாது, ஏனென்றால் நாங்கள் மழையைத் துடைத்துப் பிழைக்கிறவர்கள். இதை எங்களை மேய்க்கும் ஷீலா மேடத்திடம் இப்போது சொல்லலாம், சொன்னால் பேனாவின் தலையை இரண்டு தடவை அமுக்கி 'இன்ட்ரஸ்டிங் சார்' என்பார், அவர் இன்ட்ரஸ்டிங் என்று சொன்ன எதுவும் அதற்குப் பிறகு உயிரோடு இருந்ததில்லை. எனவே பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். சாலிகிராமத்தில் பிற்பகல், வெளியே வெயில், உள்ளே ஏசி என் வலது முழங்காலை மட்டும் தேடிப் பிடித்து ஊதுகிறது. இடது பக்கம், துடைக்கும் மெஷினை ஓட்டுகிற எதிராஜுலு. இருமல் மிட்டாயை வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு மூச்சு விடுகிறான், ஒவ்வொரு மூச்சிலும் யூகலிப்டஸ் மரம் ஒன்று என் மேல் சாய்கிறது. வாய்விட்டுப் பேசும்போது அவனை நீங்க என்பேன். மனசுக்குள் பதினொரு வருடமாக அவன்தான்.

விளக்கை அணைப்பதற்கு முன்னால் வழக்கம்போல ஆரம்பித்தான். "என்ன ஆனை சார், சாப்பாடாச்சா?" என் பெயர் ஆனையப்பன். முழுசாகச் சொன்னால் அவன் வாய் வலிக்கும். ஆச்சு என்றேன். "உங்க ஆட்டைக் குளிப்பாட்டி, சீவி, பொட்டு வெச்சு அனுப்பியிருக்கேன். பாத்து ஆசீர்வாதம் பண்ணுங்க." அது என் ஆடு இல்லை, கம்பெனி ஆடு என்றேன். "அப்போ கம்பெனிக்காகவாவது முழிச்சிருங்க சார். போன தடவை நீங்க குறட்டை விட்டதை மேடம் சவுண்ட் டிராக்ல கோளாறுன்னு குறிச்சுக்கிட்டாங்க." பின்னால் கருவிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த முபாரக் சிரித்தான். சிரிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன் மாதிரி சிரிப்பான், உண்மையில் அவன் வேலை படத்தை ஓட்டுவதும் நிறுத்துவதும். "ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?" என்றார் ஷீலா மேடம். "நாளைக்குக் காலையில பைல் போயாகணும். போயிட்டா போனதுதான், அதுக்கப்புறம் திருத்தம் கிடையாது. ரூல் தெரியுமில்ல?" தெரியும். இந்த ஸ்டூடியோவில் எனக்குப் பிடித்த ஒரே வழக்கம் அது. கடைசிப் பார்வை என்று பெயர். படம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஒருமுறை ஓடும். குறையைப் பார்த்தவர் கை தூக்க வேண்டும், முபாரக் அந்த இடத்தில் நிறுத்துவான், குறை பதிவாகும், சரிசெய்யப்படும். கை தூக்காமல் கடந்தது எல்லாம் சரி என்று ஆகிவிடும். பிறகு யாரும் யாரையும் 'நீ ஏன் சொல்லவில்லை' என்று கேட்கக் கூடாது. மனிதர்கள் ஒருவரையொருவர் மன்னிக்க மாட்டார்கள் என்று தெரிந்த ஒருவர்தான் இந்த விதியை உண்டாக்கியிருக்க வேண்டும்.

விளக்கு அணைகிறது. இசை. ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான படம், எண்பது வருடத்துக்கு முன்னால் கடலுக்கு அப்பால் எங்கேயோ வரைந்தது, தபால்கார ஆடு ஒன்றின் கதை. ஆடு பையை மாட்டிக்கொண்டு மலையூரில் வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோகும், போகிற வழியில் கடிதங்களைத் தின்னும். குழந்தைகள் படம் என்பார்கள். அதுவும் தவறு. தியேட்டரில் பெரிய படம் ஆரம்பிப்பதற்கு முன், தொப்பியைக் கழற்றாமல் சிகரெட் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்காக எடுத்தது, சம்பளம் குறைந்ததையும் மனைவி திட்டியதையும் ஏழு நிமிடம் மறக்கட்டும் என்று எடுத்தது. குழந்தைகள் பின்னால் வந்து இடம் பிடித்துக்கொண்டார்கள், அது அவர்கள் சுபாவம். இப்போது ஒரு கம்பெனி இப்படிப்பட்ட துண்டுப்படங்களைத் தேடியெடுத்து, எங்களிடம் அனுப்பித் துடைக்கச் சொல்லி, வட்டில் ஏற்றி வீட்டில் பார்க்கிறவர்களுக்கு விற்கிறது. வீட்டில் பார்க்கிறவன் என்ற பிறவியை நான் வெறுக்கிறேன். தியேட்டரில் இருந்தவனுக்குப் படம் எஜமான், அது ஓடும், இவன் பின்னால் ஓட வேண்டும். வீட்டில் இருப்பவன் கையில் ரிமோட் இருக்கிறது. எழுந்து போய் மோர் குடித்துவிட்டு வருவான், அதுவரை ஆடு ஒரு காலைத் தூக்கியபடி அந்தரத்தில் நிற்கும். நிறுத்திப் பார்ப்பான், அதுதான் எனக்குத் தாங்காது. ஓடுவதற்காக வரைந்ததை நிறுத்திப் பார்ப்பது, பேசுகிறவரின் வாயைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு பல்லை எண்ணுவது போல. இதோ ஆடு முதல் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. வாயில் ஒரு உறையின் மூலை நீட்டிக்கொண்டிருக்கிறது. கதவைத் திறந்த கோழி, கடிதம் எங்கே என்கிறது. ஆடு பையைக் கவிழ்த்துக் காட்டுகிறது. தாடி ஆடுகிறது. தாடி. இந்தக் காட்சியில் தாடி இருக்கிறது, இங்கே காற்று இல்லை, இங்கே எதிராஜுலுவின் மெஷினுக்குக் குழப்பமில்லை.

அவன் மெஷினைப் பற்றி அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும், ஒருவனைச் சரியாக வெறுக்க வேண்டுமென்றால் அவன் தொழிலைப் படித்திருக்க வேண்டும். அது ஒவ்வொரு பிரேமையும் முன்னால் இருப்பதோடும் பின்னால் இருப்பதோடும் ஒப்பிடும், இரண்டு பக்கமும் இல்லாத எதையும் அழுக்கு என்று முடிவுசெய்து துடைத்துவிடும். நல்ல கொள்கை. தூசி ஒரு பிரேமில்தான் இருக்கும், அடுத்ததில் அது இருக்காது. ஆனால் காற்றில் பறக்கிற மெல்லிய மயிரும் அப்படித்தான், இந்தப் பிரேமில் ஓரிடம், அடுத்ததில் வேறிடம். மெஷின் யோசிக்கும், மெல்லிசாக ஒரு கோடு, முன்னாலும் இல்லை பின்னாலும் இல்லை, கீறல்தான், துடை. கும்பாபிஷேகத்துக்குக் கோவிலைப் புதுப்பிக்கிறோம் என்று மணலைப் பீய்ச்சித் தூணைச் சுத்தம் செய்கிறவர்கள் இதே கொள்கைக்காரர்கள், அழுக்கும் போகும், கல்வெட்டும் போகும், தூண் மட்டும் புதுசாக மொழுக்கென்று நிற்கும், தர்மகர்த்தா கும்பிட்டபடி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். செவ்வாய்க்கிழமை, எதிராஜுலு மச்சினன் வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தபோது, நான் தனியாக உட்கார்ந்து மலையுச்சிக் காட்சியைப் பார்த்தேன். ஐந்தாம் நிமிடம் தாண்டி வரும் காட்சி. ஊரார் கடிதங்களை எல்லாம் தின்று தீர்த்த ஆடு பையின் அடியில் கடைசியாக ஒரு கடிதத்தைக் கண்டெடுக்கிறது, உறையின் மேல் அதன் சொந்தப் பெயர். மலையுச்சிக்குப் போய் உட்கார்ந்து பிரிக்கிறது. அப்போது காற்று எழும்புகிறது, ஆடு கண்ணை மூடிக்கொள்கிறது, தாடி பறக்கிறது. பறந்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பறக்கவில்லை, தாடியே இல்லை. காற்று தொடங்கிய கணத்திலிருந்து அந்த ஆட்டின் மோவாய் மழுங்கச் சிரைத்த மோவாயாக, ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் மோவாயாக இருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம் அல்ல. சொல்லக் கூசுகிற அளவுக்கு ஒரு குளிர்ச்சி, வயிற்றில் இளநீர் இறங்குவது போல.

ஏனென்றால் வட்டின் பின்னட்டையில் ஒரு பெயர்தான் வரப்போகிறது. மீட்டெடுப்பு மேற்பார்வை, எதிராஜுலு. மெஷின் விட்டதையெல்லாம் பிரேம் பிரேமாகக் கையால் சரிசெய்த ஆனையப்பனுக்குப் பின்னட்டையில் இடமில்லை. "இடம் இல்ல சார், நான் என்ன பண்ண?" என்றார் ஷீலா மேடம். பார்கோடுக்கு இடம் இருந்தது. இந்த வட்டுகளை வாங்குகிறவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. வாங்கிய அன்றே நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள், பழைய பிரதியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி இணையத்தில் போடுவார்கள், சிவப்பு வட்டம் போட்டு. வேறொரு ஊரில் எவனோ ஒருவன் இப்படி ஒரு பூனையின் மீசையைத் தொலைத்தான், அவன் பெயரே அவர்களுக்குள் 'துடைத்து எறிவது' என்ற பொருளில் வினைச்சொல்லாகப் புழங்குகிறது என்று படித்தேன். எதிராஜுலுவை வினைச்சொல்லாக நினைத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முழுக்க நினைத்துப் பார்த்தேன், வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடி எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் அவனைப் பிரயோகித்துப் பார்த்தேன். நான் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. கையை மடியில் வைத்திருந்தால் போதும். கடந்தது எல்லாம் சரி. விதியே என் பக்கம்.

இரண்டாவது வீடு. ஆடு ஒரு பன்றிக்கு வந்த காதல் கடிதத்தை முகர்ந்து பார்த்து, வெட்கப்பட்டு, தின்கிறது. முபாரக் மறுபடியும் சிரிக்கிறான், இந்த இடத்தில் அவன் சிரிப்பது இது ஐம்பதாவது தடவையாக இருக்கும். ஷீலா மேடம் பேனாவை அமுக்குகிறார், விடுகிறார். இந்த அறையில் எனக்குப் பிடித்த உயிர் ஒன்றே ஒன்று, அது இன்னும் வரவில்லை. அது ஆடு அல்ல, ஆடு வரைந்தது. அது ஒரு ஈ. நிஜ ஈ. மலையுச்சிக் காட்சியில், காற்று எழும்பி ஆடு கண்ணை மூடியதும், வானத்தின் வலது மேல் மூலையில் இரண்டு பிரேம் மட்டும் இருக்கிறது, ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஓடும்போது எந்த மனிதக் கண்ணிலும் படாது. எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு, ஒன்று போகும், இரண்டு நிற்கும். கார்ட்டூனில் ஒரு சித்திரத்தை இரண்டு பிரேம் வீதம் படம் பிடிப்பார்கள். பிலிமில் பிற்காலத்தில் ஒட்டிய தூசி ஒரு பிரேமோடு போய்விடும். இரண்டு பிரேம் ஒரே இடத்தில் அசையாமல் இருந்தால் அது அன்றைக்கே, காமிராவுக்குக் கீழே, சித்திரத்தின் மேல் இருந்தது என்று அர்த்தம். இந்த ஈ இரண்டு பிரேம் இருக்கிறது. எண்பது வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு மத்தியானம், சித்திரத்தை அழுத்திப் பிடிக்கும் கண்ணாடியின் மேல் வந்து உட்கார்ந்தது, சித்திரம் மாற்றக் கண்ணாடியைத் தூக்கியதும் பறந்துபோனது. சின்னதாக அதன் நிழல்கூடத் தெரிகிறது. காமிராக்காரன் கவனிக்கவில்லை, அல்லது கவனித்துவிட்டு, போகட்டும், யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டிருப்பான். நியாயமான மனிதன். ஏடுகளைப் பார்த்துப் பதிப்பிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும், எழுதினவர் கை நழுவினது வேறு, எடுத்தெழுதினவன் கை நழுவினது வேறு, முன்னதைத் திருத்த நமக்கு உரிமையில்லை. மெஷினுக்கு அது தெரியாது, அது ஈயையும் தின்றுவிடும். அதனால் ஈயைச் சுற்றி வேலி போட்டேன், இந்த இடத்தைத் தொடாதே என்று மெஷினுக்குச் சொல்லும் கோடு. அதை எதிராஜுலுவின் மெஷினில்தான் போட வேண்டியிருந்தது. "ஈக்கு வேலியா?" என்றான். "மாட்டுக்குப் போடுவாங்க, தெரியும். சரி, போட்டுக்குங்க சார், ஈ ராசி எப்படியோ." மேடத்துக்குச் சொல்லவில்லை. சொன்னால் இன்ட்ரஸ்டிங் என்பார்.

மூன்றாவது வீடு. திரையின் நடுவில், வாசற்படியிலிருந்து மெதுவாக ஒரு கறுப்புப் புள்ளி எழும்பிக் கோணலாக மேலே போகிறது. கை தூக்கப் பார்க்கிறேன். தூக்கவில்லை. கண்ணை இடது பக்கம் திருப்புகிறேன், புள்ளியும் இடது பக்கம் வருகிறது. எதிராஜுலுவின் காதில் போய் உட்காருகிறது. இது பிலிமில் இல்லை. சித்திரை மாதத்திலிருந்து கண்ணில் பூச்சி பறக்கிறது. வயசானால் சிலருக்கு வரும், பழகிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர், என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன், சற்றுநேரம் என்னையே பார்த்தார். அழுக்கைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவனுக்குப் போகிற இடமெல்லாம் அழுக்கு தெரிந்தால் அவனை யார் வைத்துக்கொள்வார்கள்? போன மாதம் வேறொரு படத்தின் கடைசிப் பார்வையில் கை தூக்கினேன், முபாரக் நிறுத்தினான், அங்கே ஒன்றும் இல்லை. வெறும் சுவர், மஞ்சள் பெயின்ட், சுத்தமான மஞ்சள். தலையைத் திருப்பினேன், கறை கூடவே வந்தது. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஷீலா மேடம் எழுதிக்கொண்டார். அவர் எழுதியது குறட்டையைப் பற்றி அல்ல. "சார், கண்ணு செக் பண்ணீங்களா சமீபத்துல?" என்று பிறகு காபி மெஷின் பக்கத்தில் சும்மா கேட்பது போலக் கேட்டார். அந்தச் சும்மா. இன்னொரு தடவை இல்லாததற்குக் கை தூக்கினால் அந்தச் சும்மா முடிந்துவிடும், அடுத்த நாள் என் நாற்காலியில் கண் நல்லாயிருக்கிற ஒரு பையன் உட்காருவான். வீட்டில் உட்கார்ந்து நான் என்ன செய்வேன்? வீட்டில் பார்க்கிறவனாகி விடுவேன். ரிமோட்டோடு.

நான்காவது வீட்டைத் தாண்டியாயிற்று. ஊர்க்கூட்டம், எல்லா மிருகங்களும் கடிதம் எங்கே என்று ஆட்டைத் துரத்துகின்றன. துரத்தும் காட்சியில் கால்கள் சக்கரம் மாதிரி சுழல்கின்றன, இந்தச் சக்கரங்களுக்கு மூன்று வாரம் என் கை போயிற்று, ஒவ்வொரு கோடாக, மெஷின் பாதியைத் தின்றிருந்தது, யாருக்கும் தெரியாது, தெரியாமல் இருப்பதுதான் நான் சரியாகச் செய்ததற்கு அடையாளம், என்ன கேவலமான தொழில். எதிராஜுலு இன்னொரு மிட்டாயைப் பிரிக்கிறான். காகிதம் சரசரக்கிறது. பிரி, பிரி, கொஞ்ச நாள்தான். இவனுக்கு மலையுச்சி வருவது தெரியாது. தெரிந்திருந்தால் இப்படிக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார முடியுமா? இரண்டு மாதம் கழித்து அவன் மகன் இணையத்தில் பார்த்துவிட்டுச் சொல்வான், அப்பா, உங்களைப் பற்றி என்னமோ போட்டிருக்கிறான். நல்லது. ஆனால் ஆடு. ஆடு என்ன செய்தது? எங்களிடம் வந்த பிலிம் ஏற்கனவே மக்கிக் காடி வாசம் வீசுகிறது, சுருங்கிவிட்டது, இனி எந்த மெஷினிலும் ஓடாது. இனி எவன் பார்த்தாலும் இந்த வட்டில்தான் பார்ப்பான். எவனோ ஒருத்தன் அந்தத் தாடியை வரைந்தான், காற்றில் ஒவ்வொரு மயிரும் எங்கே போகும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு யோசித்து வரைந்தான், எதிராஜுலுவை அவனுக்குத் தெரியாது, என்னையும் தெரியாது. என் பகைக்கு அவன் ஏன் தாடியை இழக்க வேண்டும்? இப்படி யோசிப்பது நல்ல குணமா என்று பார்க்கிறேன், இல்லை, நல்ல குணம் எனக்குத் தெரியும், அது இப்படி நெஞ்சைக் கரிக்காது. மத்தியானச் சாம்பார்தான். ஈ இருக்கிறதே, அது போதாதா, ஈயைக் காப்பாற்றியாயிற்று, தாடி எதிராஜுலுவின் கணக்கு. ஈ பிழைத்து ஆடு மொட்டையாக இருப்பது ஒரு பதிப்பாசிரியன் பெருமைப்படக்கூடிய விஷயமா? இதோ மலை. ஆடு ஏறுகிறது. பின்னால் துரத்தியவர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். உச்சி. ஆடு உட்காருகிறது, பையைக் கவிழ்க்கிறது, ஒரே ஒரு கடிதம், தன் பெயர். வானம் நீலம். தாடி இன்னும் இருக்கிறது, காற்று இன்னும் வரவில்லை. கையை மடியில் வை. குளம்பு உறையைப் பிரிக்கிறது. இசையில் புல்லாங்குழல் தனியாகப் பிரிந்து மேலே போகிறது, அதுதான் காற்று வரப்போவதற்கு அறிகுறி, மொட்டை மோவாயைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டேன், மூடியபோது என் கை மேலே இருந்தது.

புல்லாங்குழல் நின்றது. "நிறுத்திட்டேன் சார்" என்றான் முபாரக்.

கண்ணைத் திறந்தேன். ஆடு கண்ணை மூடியிருந்தது. தாடி பறந்துகொண்டிருந்தது. முழுத் தாடி, ஒவ்வொரு மயிரும், நுனியில் சுருண்டு கிடக்கும் அந்த ஒற்றை மயிர் உட்பட, மெஷினால் ஒருநாளும் வராத சுருள், யாரோ கையால் கோடு கோடாகப் போட்டது. "என்ன சார்?" என்றார் ஷீலா மேடம். தாடி இல்லை என்று நினைத்துக் கை தூக்கினேன் என்றால், எப்போதிருந்து நினைத்தீர்கள் என்று கேட்பார், செவ்வாய்க்கிழமையைச் சொல்ல வேண்டும், செவ்வாய்க்கிழமையிலிருந்து ஏன் சொல்லவில்லை என்பார். திரையின் குறுக்கே என் பூச்சி மெதுவாக நீந்தியது, ஆட்டின் மூக்கில் உட்கார்ந்தது. "சார்? ஒண்ணுமில்லையா?" குரல் சும்மாவாக இருந்தது. "போன மாசமும் இப்படித்தான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். முன்னால் குனிந்தார். "ஒரு நிமிஷம். மேல, வலது பக்கம், அது என்ன? முபாரக், பெருசு பண்ணு." வானம் பெரிதாகிக்கொண்டே வந்தது. நிறுத்தி, பெரிதாக்கி, சுவரளவுக்கு, இறக்கையில் நரம்புகூடத் தெரிந்தது. "ஈ மேடம்" என்றான் முபாரக், தன் வாழ்நாளில் முதல்தடவையாகச் சிரிக்காமல். "ஈயா? எதிராஜ், இதை எப்படி விட்டீங்க?"

"விடலை மேடம், வெச்சிருக்கோம்" என்றான் எதிராஜுலு. காலாட்டுவதை நிறுத்திவிட்டான். "ரெண்டு பிரேம் இருக்கு. படம் எடுத்த அன்னிக்கு கண்ணாடி மேல வந்து உக்காந்த ஈ. ஒரிஜினல். ஆனை சார்தான் கண்டுபிடிச்சு வேலி போட்டாரு, நம்ம ஆபீஸ்ல வேற யாருக்கும் அந்தக் கண்ணு கிடையாது." அந்தக் கண்ணு என்று அவன் சொன்னபோது நான் அவன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கேலி இல்லை. கேலி இல்லாத அவன் முகத்தை நான் பார்த்ததில்லை, அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "அப்போ அவரே எதுக்கு இப்ப கையைத் தூக்கினாரு?" என்றார் மேடம். "அதை அவருதான் சொல்லணும்" என்றான். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஈயும், சுவரளவுக்கு.

"ஈக்காகத்தான்" என்றேன். "இப்பப் பார்க்கும்போது உறுத்துது. எடுத்துடலாம்."

"நீங்களா சார் சொல்றீங்க?" என்றான் எதிராஜுலு.

"வீட்டுல நிறுத்திப் பார்ப்பாங்க" என்றேன்.

"அதான்" என்றார் ஷீலா மேடம். "கரெக்டா சொன்னீங்க சார். முபாரக், குறிச்சுக்கோ. ஓட்டு." வானம் சுருங்கி வானமானது, புல்லாங்குழல் விட்ட இடத்தில் தொடர்ந்தது, ஆடு கண்ணைத் திறந்தது. கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறது, நேராகப் பிடித்துப் பார்க்கிறது, அதற்குப் படிக்கத் தெரியாது. யூகலிப்டஸ் மரம் என் காதுப்பக்கம் சாய்ந்தது. "தாடிக்குத்தானே தூக்கினீங்க?" என்றான் மிக மெதுவாக. "எனக்கும் தெரியும் சார், புதன்கிழமை கண்ணுல பட்டுது. மெஷினை நம்பினா வராது, கையாலயே உக்காந்து போட்டேன், உங்களை மாதிரி வரலை, ஏதோ வந்துச்சு." ஆடு மலையடிவாரத்தைப் பார்க்கிறது, கீழே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். "ஈயை விட்டுடாதீங்க. படம் இன்னும் ஓடுது, இப்பக்கூடக் கையைத் தூக்கலாம். தூக்குங்க, மேடத்துக்கிட்ட நான் பேசிக்கறேன்." நீ பேச வேண்டாம் என்று நினைத்தேன். யார் பேசினாலும் பரவாயில்லை, நீ பேச வேண்டாம். பதினொரு வருடம் ஒழுங்காக வெறுத்துக்கொண்டு வந்த ஒருவனிடமிருந்து, எண்பது வருடத்துக்கு முன்னால் செத்த ஒரு ஈயைத் தானமாக வாங்குவதா? இவன் ஏன் புதன்கிழமை அதைப் பார்த்தான், பார்த்தவன் ஏன் என்னிடம் சொல்லவில்லை, நான் சொல்கிறேனா என்று காத்திருந்தானா, குளிப்பாட்டி சீவி என்றானே, சீவி, அப்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டா சொன்னான்? ஆடு கடிதத்தை ஒருமுறை முகர்ந்தது. என் கை மடியில் இருந்தது, அதைப் பார்த்தேன், கிழக் கை, மேலே நரம்புகள், அதன் மேல் பூச்சி ஒன்று உட்கார்ந்து பறந்தது. எதிராஜுலு மிட்டாய்ப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டியபடியே இருந்தான், நான் எடுத்துக்கொள்ளாததால் சற்றுநேரம் கழித்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். ஆடு கடிதத்தைத் தின்றது. முபாரக் சிரித்தான். விளக்கு வந்தது.

வட்டு ஐப்பசியில் வெளிவந்தது. மலையுச்சிக் காட்சியில் வானம் சுத்தமாக இருக்கிறது.